குடைசாயாத வண்டி செய்த டாக்டர்

டாக்டர் எராஸ்மஸ் டார்வினுக்கு இரண்டு வீடுகள் என்று சொல்லலாம். ஒன்று, இங்கிலாந்தில் லிச்பீல்டு என்ற ஊரில் இருந்த வீடு. இன்னொன்று, அவருடைய குதிரை வண்டி.

வருஷத்துக்கு ஏறத்தாழ 10,000 மைல் தூரம் அவர் வண்டியில் போய்க்கொண்டே இருந்தார். ஒருநாள்கூட ஓய்வில்லை என்று வைத்துக்கொண்டால்கூடத் தினம் 27 மைல் ஆகிறது!

அப்போது ரெயில் கிடையாது. மோட்டார் கிடையாது. தார் ரோடு கிடையாது. 250 வருஷத்துக்கு முந்திய கதை இது.

டார்வின் என்ற பெயரைக் கேட்டதும் தாடி வைத்த ஒரு கிழவரின் படம் நினைவுக்கு வரும். உயிர்கள் எப்படி மாறி வளர்ந்தன என்று சொன்ன சார்லஸ் டார்வின் அவர். நாம் சொல்ல வந்தது அவரைப் பற்றி அல்ல; அவருடைய தாத்தாவைப் பற்றி. தாத்தா 1802ல் இறந்தார். பேரன் 1809ல் பிறந்தார். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

நோயாளி வராத டாக்டர்

எராஸ்மஸ் டார்வின் 1731 டிசம்பர் 12ந் தேதி பிறந்தார். நாட்டிங்ஹாம்ஷயரில் எல்ஸ்டன் என்பது ஊர். வீட்டில் ஏழு குழந்தைகள். இவர்தான் கடைக்குட்டி.

சின்ன வயதிலேயே திக்குவாய். கடைசிவரை அது போகவில்லை. ஆள் பருமன். முகத்தில் அம்மைத் தழும்பு. பார்த்தவுடன் பிடித்துப்போகிற தோற்றம் அல்ல. ஆனால் பேச உட்கார்ந்தால், திக்கித் திக்கி அவர் பேசுவதை விட்டு எழுந்திருக்க யாருக்கும் மனம் வராதாம்.

கேம்பிரிட்ஜிலும் எடின்பரோவிலும் படித்து டாக்டர் ஆனார். 1756ல் நாட்டிங்ஹாம் நகரில் தொழில் தொடங்கினார். நோயாளிகளுக்காகக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. சில மாதங்களில் மூட்டை கட்டிக்கொண்டு லிச்பீல்டுக்கு வந்தார். அப்போது வயது 24.

வந்த சில நாட்களில் ஓர் அழைப்பு. பணக்கார வீட்டு இளைஞர் ஒருவர் கடும் காய்ச்சலில் கிடந்தார். பெயர் பெற்ற டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். டார்வின் சிகிச்சை செய்தார். இளைஞர் பிழைத்துக்கொண்டார். அந்தச் செய்தி சுற்று வட்டாரம் எங்கும் பரவிவிட்டது. அதன் பிறகு அவர் வீட்டில் இருந்த நேரம் குறைவு. வண்டியில் இருந்த நேரம் அதிகம். ஏழைகளுக்கும் வைத்தியம் பார்த்தார். அவர்களிடம் காசு வாங்கமாட்டார்.

வளைவில் காத்திருந்த ஆபத்து

அன்றைய ரோடு பெயருக்குத்தான் ரோடு. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் அதே சேறு கல்லாக இறுகிவிடும். வண்டித் தடம் வாய்க்கால் போலப் பள்ளமாக ஓடும். சக்கரம் அதில் இறங்கிவிட்டால் லேசில் ஏறாது.

ரோடு மட்டும் குற்றவாளி அல்ல. வண்டியிலும் குற்றம் இருந்தது.

நாலு சக்கரக் கோச்சு வண்டியில் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சு மரத்தில் கோத்திருக்கும். அந்த மரத்தின் நடுவில் ஓர் ஆணி. ஆணியைச் சுற்றி அச்சு மரம் முழுவதும் திரும்பும். குதிரை இடது பக்கம் திரும்பினால், இடது முன் சக்கரம் பின்னால் நகர்ந்து வண்டியின் வயிற்றுக்கு அடியில் போய்விடும்.

ஒரு பெஞ்சியை நினைத்துப் பாருங்கள். நான்கு மூலையிலும் கால் இருக்கும்வரை எந்த ஓரத்தில் உட்கார்ந்தாலும் பெஞ்சி நிற்கும். முன் கால்கள் இரண்டையும் நடுவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால்? மூலையில் ஒருவர் உட்கார்ந்ததும் பெஞ்சி சாய்ந்துவிடும். வேகமாக வந்த வண்டிகள் வளைவில் குடைசாய்ந்ததும் இப்படித்தான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. முன் சக்கரம் வண்டிக்கு அடியில் நுழைய வேண்டும் என்பதால் அதைச் சின்னதாகவே செய்தார்கள். சின்னச் சக்கரம் சின்னப் பள்ளத்திலும் விழும். இழுக்கிற குதிரைக்கு இரட்டிப்புச் சிரமம்.

ஊர்ப்பயணம் போகிறவன் வண்டி கவிழ்ந்தால் எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, மறுநாள் போகலாம். டாக்டர் அப்படிப் போகமுடியுமா? எங்கோ ஒரு வீட்டில் விளக்கை ஏற்றிவைத்து, வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பார்களே!

சக்கரம் மட்டும் திரும்பட்டும்

1759ஆம் வருஷம் வாக்கில் டார்வினுக்கு ஒரு யோசனை தோன்றியது. அச்சு மரம் ஏன் திரும்பவேண்டும்? அது அசையாமல் இருக்கட்டும். சக்கரம் மட்டும் திரும்பினால் போதாதா?

அச்சு மரத்தின் இரு முனையிலும் தனித்தனி ஆணி வைத்தார். ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு குட்டை அச்சில் மாட்டி, அதை அந்த ஆணியில் கோத்தார். இரண்டு சக்கரங்களும் சேர்ந்து திரும்பும்படி குறுக்கே இணைத்தார். இப்போது வண்டி வளைந்தாலும் சக்கரம் தன் மூலையை விட்டு நகராது. பெஞ்சியின் நாலு காலும் நாலு மூலையில்!

இன்று பிள்ளைகள் ரேடியோ விசையில் ஓட்டி விளையாடும் பொம்மை லாரியைக் கவிழ்த்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் ஒரு கையை அசைக்கும். கை ஒரு கம்பியை இழுக்கும். கம்பி இரண்டு முன் சக்கரங்களையும் திருப்பும். லாரி நேராக ஓடவில்லை, வளைவில் கவிழ்கிறது என்றால், அந்தப் பிளாஸ்டிக் கம்பியை எடுத்துவிட்டு உலோகக் கம்பி போடுகிறார்கள். நீளத்தைத் திருகித் திருகிச் சரி செய்கிறார்கள். ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள். இப்போது இது விளையாட்டு. டார்வினுக்கு உயிர் போகிற காரியம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வண்டி வளையும்போது உட்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்தில் ஓடுகிறது. வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில் ஓடுகிறது. ஆகையால் இரண்டும் ஒரே அளவு திரும்பக்கூடாது. உட்பக்கச் சக்கரம் கொஞ்சம் அதிகமாகத் திரும்பவேண்டும். இல்லாவிட்டால் ஒரு சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டு வரும். டார்வினின் அமைப்பில் இதற்கும் இடம் இருந்தது.

யோசனையைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. அந்த மாதிரி வண்டியைச் செய்யச் சொல்லி அதிலேயே ஏறிப் போனார். அப்படிப்பட்ட வண்டிகளில்தான் நோயாளி வீடுகளுக்கு விரைந்தார். இதைவிடப் பெரிய பரிசோதனை எந்தத் தொழிற்சாலையில் நடக்கும்?

ஆனால் பேட்டண்டு எடுத்து உரிமையைப் பதிவு செய்துகொள்ளவில்லை. காரணம் வேடிக்கையானது. டாக்டர் இயந்திர வேலையில் இறங்கிவிட்டார் என்று ஊரார் பேசினால் வைத்தியத் தொழில் கெட்டுவிடும் என்று அவர் பயந்தார். ஆணியும் சக்கரமும் செய்கிறவரிடம் நாடி பார்க்க யார் கை நீட்டுவார்கள்?

அதன் பலன் என்ன தெரியுமா? 60 வருஷம் கழித்து, ஜெர்மனியில் மூனிச் நகரத்து வண்டித் தொழிலாளி லாங்கென்ஷ்பெர்கர் அதே முறையைத் தாமாகவே கண்டுபிடித்தார். அவருக்காக லண்டனில் 1818ல் பேட்டண்டு எடுத்தவர் ருடால்ப் ஆக்கர்மன் என்ற படக்கடைக்காரர். முறைக்கு ஆக்கர்மன் ஸ்டீரிங் என்ற பெயர் நிலைத்துவிட்டது. கார்ல் பென்ஸ் 1885ல் முதல் மோட்டார் வண்டி செய்தபோது முன்பக்கம் ஒரே சக்கரம்தான் வைத்தார். இரண்டு சக்கரங்களைச் சரியாகத் திருப்பும் வழி அவருக்கு அப்போது அகப்படவில்லை. 1893ல்தான் அதற்கு வழி கண்டு உரிமை பெற்றார். டார்வின் அந்த வேலையை முடித்து அப்போது 130 வருஷம் ஆகியிருந்தது!

வண்டிக்காரன் என்று நினைத்தார்

அயர்லாந்தைச் சேர்ந்த ரிச்சர்டு எட்ஜ்வொர்த் என்ற இளைஞர் அப்போது இங்கிலாந்தில் இருந்தார். பணக்காரர். இயந்திரப் பைத்தியம். லிச்பீல்டு டாக்டரின் வண்டி சின்ன இடத்திலும் கவிழாமல் திரும்புகிறது என்று யாரோ சொல்லக் கேட்டார். அதே முறையில் அழகான பீட்டன் வண்டி ஒன்றைச் செய்தார். லண்டனில் இருந்த கலைச் சங்கத்தார் அதைப் பார்த்துப் பாராட்டினார்கள். எட்ஜ்வொர்த் யோக்கியர். யோசனை தம்முடையது அல்ல, டாக்டர் டார்வினுடையது என்று சொல்லிவிட்டார். டார்வினுக்கும் கடிதம் எழுதினார். ஊருக்கு வரும்படி டாக்டர் பதில் போட்டார்.

1766ல் எட்ஜ்வொர்த் லிச்பீல்டுக்குப் போனார். டாக்டர் வீட்டில் இல்லை. வழக்கம்போல வெளியூர். டாக்டரின் மனைவி மேரி அவரை உட்காரவைத்துப் பேசிக்கொண்டு இருந்தார். இரவு ஆயிற்று. வாசலில் கதவு தட்டும் ஓசை. பிணம் போல ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு டாக்டர் உள்ளே வந்தார்!

வழியில் ஒரு பள்ளத்தில் எவனோ மூச்சுத் திணறக் கிடந்தானாம். டாக்டர் அவனைத் தம் வண்டியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். விளக்கைக் கொண்டுவந்து முகத்தைப் பார்த்தார்கள். மேரி திடுக்கிட்டார். கிடந்தவர் அவருடைய சொந்தச் சகோதரர்! குடித்துவிட்டு விழுந்து கிடந்திருக்கிறார். மைத்துனன் என்று தெரியாமலேயே காப்பாற்றிக் கொண்டுவந்தார் டாக்டர்.

அந்த அமளி அடங்கிய பிறகு பேச உட்கார்ந்தார்கள். விருந்தாளி இலக்கியம் பேசினார். டாக்டருக்கு ஒரே வியப்பு. கடிதம் எழுதியவர் யாரோ வண்டி செய்யும் தொழிலாளி என்றே அவர் அதுவரை நினைத்துக்கொண்டு இருந்தார். அன்று தொடங்கிய நட்பு 36 வருஷம் நீடித்தது.

உடைந்த முழங்கால்

நல்ல வண்டி ஒன்று கையில் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

பள்ளமான தடத்தில் குதிரை விருப்பப்படி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் மாறி நடக்க வேண்டும்; வண்டியும் ஒட்டிக்கொண்டு தொடர வேண்டும் என்று நினைத்தார். இரண்டே சக்கரம், அதுவும் மிக உயரமான சக்கரம். மேலே ஒரு மேடை, அதில் ஆசனம். முன்பக்கப் பாரத்தைத் தாங்கச் சக்கரம் இல்லை. மேடையிலிருந்து யானைத் துதிக்கை போல ஒரு வளைவு புறப்பட்டுக் குதிரையின் பின்புறத்தைத் தாண்டி வந்து, சேணத்தில் பொருத்திய இரும்பு முளையின் வளையத்துக்குள் நுழையும். வண்டியின் முன்பாகத்தைக் குதிரையின் முதுகே சுமந்தது.

எண்ணம் நல்ல எண்ணம். செய்கை சரியாக அமையவில்லை. ஓட்டுகிறவர் சதா அந்தப் பொறியையே கவனித்துக்கொண்டு இருக்கவேண்டும். கவனம் சிறிது பிசகினால் ஆபத்து.

டாக்டர் பல தடவை அதிலிருந்து தூக்கி எறியப்பட்டார். எழுந்து மறுபடியும் ஏறினார். 1768ல் கடைசியாக விழுந்தபோது வலது முழங்கால் சில்லு உடைந்தது.

இந்தக் காலத்தில் என்றால் ஆபரேஷன் செய்து கம்பியால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அன்று மயக்க மருந்தே கிடையாது. படுக்கையில் கிடந்து, தானாகக் கூடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எலும்பு கூடியது, பலம் திரும்பவில்லை. 36 வயதில் வந்த நொண்டல் சாகும்வரை போகவில்லை. வைத்தியர், தம் காலுக்கு வைத்தியம் செய்ய முடியவில்லை.

அதே வருஷம் மே மாதம் அவருடைய நண்பர் ஜோசையா வெட்ஜ்வுட்டுக்கும் ஒரு கால் போயிற்று. பீங்கான் தொழிலில் உலகப் புகழ் பெற்றவர் அவர். நோய்ப்பட்ட வலது காலை மயக்க மருந்து இல்லாமலே வெட்டி எடுத்தார்கள். கால் போனவரின் மகளும், கால் நொண்டியானவரின் மகனும் பிற்காலத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைதான் சார்லஸ் டார்வின்.

துதிக்கை வண்டியை டாக்டர் கைவிட்டார். பயணத்தைக் கைவிடவில்லை.

வண்டிக்குள் ஒரு வீடு

அவருடைய பிற்கால வண்டியைப் பார்த்தவர்கள் அதிசயப்பட்டார்கள். ஒருவர் மட்டும் உட்காரும் வண்டி. கூரையில் வெளிச்சம் வர ஒரு திறப்பு. ஒரு பக்கம் புத்தகங்கள் தரையிலிருந்து குவிந்து நிற்கும். எழுதக் காகிதமும் பென்சிலும் உண்டு. மறு பக்கம் பழம், தின்பண்டம், பாலேடு, சர்க்கரை நிறைந்த கூடை. டாக்டர் சாப்பாட்டுப் பிரியர். ஆனால் மதுவை விலக்கியவர். குதிரைக்குத் தண்ணீர் காட்ட வாளியும் வைக்கோலும்கூட வண்டியோடு போகும்.

பின்னால் ஒரு சவாரிக் குதிரை கட்டில்லாமல் தானாகவே தொடர்ந்து வரும். அதன் பெயரும் டாக்டர்தான்! வண்டி போகமுடியாத பாதை வந்தால், அந்த டாக்டர் மேல் இந்த டாக்டர் ஏறிக்கொள்வார்.

இரண்டு பாகமாக அவர் எழுதிய பெரிய மருத்துவ நூலில் பெரும் பகுதி இப்படி வண்டி ஓட்டத்தில் துண்டுக் காகிதங்களில் எழுதியதுதான். 1794லும் 1796லும் வெளிவந்தது. உயிர்கள் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து கோடிக்கணக்கான வருஷங்களில் வளர்ந்து வந்திருக்கலாம் என்று அதில் எழுதினார். பேரன் அந்த விஷயத்தை எழுதுவதற்கு 60 வருஷத்துக்கு மேல் முந்தி!

அந்த எண்ணம் வெகு காலமாகவே அவர் மனதில் இருந்தது. 1770ல் எல்லாம் சிப்பியிலிருந்தே வந்தவை என்று பொருள் தரும் மூன்று லத்தீன் சொற்களைத் தம் வண்டியின் மேல் எழுதிவைத்தார். ஊர் மாதா கோயில் குருக்களில் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. கடவுள் படைப்பை மறுக்கிறார் என்று கேலிப் பாட்டு எழுதினார். நோயாளிகள் விலகிவிடுவார்களோ என்ற கவலை டாக்டருக்கு. எழுத்தின் மேல் சாயம் பூசி மறைத்துவிட்டார்.

அந்த வருஷமே மேரி இறந்தார். மூன்று பிள்ளைகள். மூத்தவர் சார்லஸ், எடின்பரோவில் மருத்துவம் படிக்கும்போது, 1778ல், கையில் ஏற்பட்ட காயம் விஷமாகி 19 வயதில் இறந்தார். தகப்பனார் அருகிலேயே இருந்தார். ஒன்றும் செய்ய முடியவில்லை. பிற்காலத்தில், 1799ல், இரண்டாவது மகனும் ஆற்றில் மூழ்கி இறந்தார்.

நிலா வெளிச்சத்தில் நண்பர்கள்

பர்மிங்ஹாம் பகுதியில் அவருக்கு ஒரு நண்பர் கூட்டம் இருந்தது. தொழிற்சாலை முதலாளி மாத்யூ போல்ட்டன், நீராவி இயந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட், வெட்ஜ்வுட், பிராண வாயுவைக் கண்ட பிரீஸ்ட்லி ஆகியோர் எல்லாம் அதில் உண்டு. பௌர்ணமியை ஒட்டிக் கூடுவார்கள். காரணம் ரோடுதான்! கூட்டம் முடிந்து இரவில் வீடு திரும்ப நிலா வெளிச்சம் வேண்டுமே. அதனால் அதற்குச் சந்திர சங்கம் என்றே பெயர்.

1760களிலேயே, குதிரை இல்லாமல் நீராவியால் ஓடும் வண்டி ஒன்றைச் செய்யலாம் என்று போல்ட்டனுக்குப் படம் போட்டு எழுதினார் டார்வின். போல்ட்டன் அதில் இறங்கவில்லை. 1791ல் வெளியான கவிதை நூல் ஒன்றில், நீராவியால் ஓடும் வண்டியும் வானத்தில் பறக்கும் ஊர்தியும் வரும் என்று முன்கூட்டியே பாடிவைத்தார். அடிமை வியாபாரத்தையும் கண்டித்துப் பாடினார்.

1781ல் எலிசபெத் போல் என்ற விதவையை மணந்தார். டெர்பி நகருக்குக் குடிபோனார். மறுபடியும் ஏழு குழந்தைகள். அரசர் மூன்றாம் ஜார்ஜ் அவரை லண்டனுக்கு வந்து தமக்கு வைத்தியராக இருக்கும்படி விரும்பினார் என்றும், டாக்டர் போக மறுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். லண்டனுக்குப் போயிருந்தால் நல்ல ரோடு கிடைத்திருக்கும்!

முடியாத கடிதம்

1802 வசந்த காலத்தில் டெர்பிக்குப் பக்கத்தில் பிரெட்சால் என்ற இடத்துக்கு வீடு மாறினார். வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 17ந் தேதி, அயர்லாந்தில் இருந்த எட்ஜ்வொர்த்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். புது வீடு பிடித்திருக்கிறது, தோட்டம் நன்றாக இருக்கிறது, குளங்களில் மீன் நிறைய இருக்கிறது, பள்ளத்தாக்கில் சிற்றோடை பேசிக்கொண்டு ஓடுகிறது என்று உற்சாகமாக எழுதினார். கடிதம் முடியவில்லை. மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், டாக்டர் இறந்துவிட்டார். வயது 70.

பாதியில் நின்ற அந்தக் கடிதத்தின் கீழே, மரணச் செய்தியை வேறு ஒருவர் எழுதிச் சேர்த்தார். கடிதம் கடல் கடந்து எட்ஜ்வொர்த்திடம் போய்ச் சேர்ந்தது.